சுவரில் ஒரு முட்டையளவு

பிள்ளைக் காம்பராவின் மேற்குச் சுவரில்
முட்டையளவு ஒரு பள்ளம்,
தரையிலிருந்து ஒன்றேகால் முழத்தில்.
மழைக்குப் பெயர்ந்தது என்றேன்
கட்டடம் பார்க்க வந்தவரிடம்.

கிஷாந்த் பெயர்த்தது அது.
முதலில் நகத்தால், பிறகு நாக்கால்.
ஒன்றே முக்கால் வயது.
மற்றதுகள் ரப்பர் பந்துக்கு அடித்துக்கொள்கையில்
இவன் சுவரோடு ஒட்டி நிற்பான்,
கடைவாயில் சுண்ணாம்பு.
கையில் ஒன்று போட்டேன்.
அழுதான். அழுகை பாதியில் களைத்து நின்றுவிட்டது.
நல்ல பிள்ளை யாரென்று கேட்டிருந்தால்
அவன் பெயரைத்தான் சொல்லியிருப்பேன்.
வைத்த இடத்தில் இருப்பான்.

மாதக் கடைசிச் செவ்வாயில்
சந்தமாலி மிஸ்ஸி வந்தாள், தராசோடு.
கொழுந்து மடுவத்தில் தொங்குகிற அதே சாதித் தராசு.
அங்கே சாக்குக்கும் ஈரத்துக்கும் கிலோ கழிப்பார்கள்.
இங்கே கழிக்க ஒன்றுமில்லை.
கட்டைவிரலால் அவன் கீழிமையை இழுத்தாள்;
நானும் குனிந்தேன்.
சிவப்பென்று வாங்கிய கொய்யா
உள்ளே வெள்ளை.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் விரலில் குத்தி
ஒரு சொட்டு எடுத்தார்கள்.
ஏழு தசம் நாலு.
பதினொன்றாவது வேணுமாம்.
செல்வகாந்திக்கு அன்றைக்கு ஒரு பேர் போயிற்று,
அந்தக் கணக்குத்தான் அவளுக்கு உடனே புரிந்தது.

இரத்தத்தில் இரும்பில்லை என்றார்களாம்.
இரும்பா?
கவ்வாத்துக் கத்தி இரும்பு. கூரைத் தகரம் இரும்பு.
மழை ஒழுகி வாசலில் தேங்கினால்
தண்ணியே துரு.
உடம்பு தேடுகிறதாம், இடம் தெரியாமல்
சுவரைத் தேடுகிறதாம்.

"என்ன குடிக்கிறான்?" மிஸ்ஸி கேட்டாள்.
செல்வகாந்தி என்னைப் பார்த்தாள்.
நான் அலமாரியைப் பார்த்தேன்.
பதினாலு போத்தல், எல்லாவற்றிலும் சாயத்தண்ணி,
சீனி தூக்கலாய்.
பத்து மணிக்கு ஒன்று, சோறு தின்ற கையோடு ஒன்று.
வயிறு அடங்கும், வாய் அடங்கும்,
தாய்மார் மலையிறங்கும்வரை காம்பரா அடங்கும்.

சோற்றிலும் கீரையிலும் உள்ள கொஞ்சநஞ்சத்தையும்
தேத்தண்ணி பிடித்து வைத்துக்கொள்ளுமாம்,
உடம்புக்கு விடாதாம்.
பாதி சிங்களத்தில், பாதி தமிழில் சொன்னாள்.
எனக்கு முழுசாய் விளங்கிற்று.

"தேயிலத் தோட்டத்துல இருந்துகிட்டு
தேத்தண்ணி குடுக்காதேன்னா?"
செல்வகாந்தி சிரித்தாள்.
சிரிப்பு முடிந்தும் வாயை மூட மறந்திருந்தாள்.

மிஸ்ஸி ஒட்டிவிட்டுப் போன படத்தில்
முருங்கைக்கீரை பச்சையாய் இருக்கிறது.
இந்தக் குளிருக்கு முருங்கை நிற்காது.
ஈரல், சம்பளம் போட்ட ஞாயிறுக்கு மட்டும்.
கானோரத்து வல்லாரை அரிந்து
நெத்தலி இடித்துப் போட்டு
தேசிக்காய் பிழிந்து பிசைந்தேன்.
போத்தலில் கொதித்தாறிய வெறுந்தண்ணி.
முதல் வாரம் பதினாலு வாயும் கதறின,
பக்கத்து லயமே எட்டிப் பார்த்தது.

மருந்து தொடங்கி மூன்றாம் நாள்
கிஷாந்த் கறுப்பாய்ப் போனான்.
செய்வினை என்றாள் ஜெயக்கொடி.
சிரப்பைக் கானில் ஊற்றப் போன செல்வகாந்தியின்
கையைப் பிடித்தேன்.
"மருந்து உள்ள போனா அப்படித்தான்."
மிஸ்ஸி சொன்னதா, நானாகச் சொன்னதா,
இப்போது நினைவில்லை.

மாசியில் ஒரு நாள் அவன் என் தோளைக் கடித்தான்,
பல் பதிய.
பந்தைப் பிடுங்கினான்.
ஜன்னல் கம்பியில் ஏறி இறங்க மறுத்தான்.
அப்படியொரு தொல்லை.
சாயந்தரம் கடித்த இடத்தைச் செல்வகாந்திக்குக் காட்டினேன்,
புது நகை காட்டுவதுபோல.

பள்ளத்தை இன்னும் பூசவில்லை.
நேற்று அதன் விளிம்பில் ஈரம்.
கிஷாந்த் அப்போது வெளியே
கல்லால் தகரத்தை அடித்துக்கொண்டிருந்தான்.

மிச்சம் பதின்மூன்றையும் வெளிச்சத்துக்கு இழுத்துவந்து
நாக்கை நீட்டச் சொன்னேன்.
விளையாட்டென்று நினைத்து
எல்லாரும் நீட்டினார்கள்.