ஒரு மயிரிழை மேலே

புதுவயல் ஆலையில் நெல் அரைபடும்போது
தரை ஒரு சுரம் பிடிக்கும்.
கணக்கு மேசையின் கால் வழியே ஏறி
முழங்கையில் வந்து உட்காரும்.
அதை வைத்துத்தான் என் பேஸ் கிட்டாருக்குச் சுருதி.
நாலு தந்தி, மூன்று வருஷம்,
செல்போனைப் பார்த்துப் பார்த்துப் படித்தது.
வாங்கிய விலையை
வீட்டில் பாதியாகச் சொன்னது.

மாசிக் கடைசிச் சனிக்கிழமை
போர்வையில் சுற்றி, பஸ்ஸின் பின்சீட்டில்
நிமிர்த்தி வைத்துக்கொண்டு காரைக்குடி போனேன்.
"உள்ள என்ன, மம்பட்டியா?" என்றார் கண்டக்டர்.
லக்கேஜ் பத்து ரூபாய்.
கண்டனூர், கோட்டையூர் தாண்டியும்
பதில் கிடைக்கவில்லை.

நூறடி ரோட்டில் மாடிக் காபிக்கடை.
நுழைவு நூற்றைம்பது, கோல்டு காபி சேர்த்து.
பெட்டிமேல் உட்கார்ந்து
அந்தப் பெட்டியையே அடிக்கும் ஒருவன்.
கண்ணை மூடிப் பாடும் ஒரு கல்லூரிப் பெண்.
பல்லவி பாதியில் மிக்ஸி ஓடியது.
மிக்ஸி நிற்கும்வரை
அந்த ஒரு சுரத்தை இறக்கிவைக்காமல்
தாங்கிக்கொண்டே நின்றாள்.
நான் மட்டும் கை தட்டினேன்.
எதிர் மேசைக்காரர் திரும்பிப் பார்த்து
தன் ஜூஸை உறிஞ்சினார்.

செக்காலை ரோட்டில் வரவேற்பு வீடு ஒன்று.
சந்தனம் தொட்டு, கற்கண்டு எடுத்து உள்ளே போனேன்.
பெண் வீடா மாப்பிள்ளை வீடா,
கேட்க யாருக்கும் நேரமில்லை.
சாக்ஸபோன்.
பந்திக்கு அழைத்ததும் நாற்காலிகள் காலி.
அவர் நிறுத்தவில்லை.
போன சங்கதியைத் திரும்பக் கூப்பிட்டு
வேறு சட்டை போட்டு அனுப்பினார்.
சாப்பிடாமல் வந்தது அதனால்தான்.
கொஞ்சம் பயத்தினாலும்தான்.

பத்தரை மணி. முத்துமாரி திருவிழா.
சாலையை மறித்த மேடையில்
செவ்வந்தி இன்னிசைக் குழு, காளையார்கோவில்.
ஜெனரேட்டர் ஓரம் நின்றவனை,
போர்வைக்கு வெளியே தலை நீட்டிய
முறுக்காணிகளைப் பார்த்து,
டிரம்ஸ் ஜெரால்டு கேட்டார்:
"வாசிப்பியா தம்பி? எங்க ஆளோட மாமனாருக்கு
நெஞ்சுவலி. ஒரு பாட்டுக்கு மட்டும் நில்லு."

நின்றேன்.
எல்லாருக்கும் தெரிந்த பாட்டு, அதனால்
எல்லாருக்கும் தப்பும் தெரியும்.
ஒயரைச் சொருகினார்கள். சிவப்பு விளக்கு. புகை.
தந்தி என் தொப்புளில் அதிர்ந்தது.
முளைப்பாரி தூக்கிப் போன பெண்களில் ஒருத்தி
தலை அசையாமல் இடுப்பை மட்டும் ஆட்டினாள்.
என்னால்தான் என்று நினைத்தேன்.
நாலரை நிமிஷம்
காரைக்குடி முழுவதும்
என் கட்டைவிரலுக்கு அடியில் ஓடியது.

இறங்கியதும் மிக்ஸர் ஒப்பிலானிடம் போனேன்.
"எப்படிண்ணே?"
பீடியைக் காதிலிருந்து எடுத்தார்.
"உன் கிட்டாரு ஒரு மயிரிழை மேல நின்னுச்சு.
ரெண்டாவது வரியிலயே இறக்கி விட்டுட்டேன்.
வெளிய கேக்கலை. தப்பா நினைக்காத."

தப்பாக நினைக்க
எனக்கு எங்கிருந்து தெரியும்?
ஆலைதானே சொன்னது அந்தச் சுரம்!
ஜெரால்டு மட்டும் தோளில் தட்டினார்:
"எனக்குக் கேக்கலைன்னா என்ன,
உன் விரலைப் பார்த்துத்தான்
காலை மிதிச்சேன்."
பரோட்டாப் பொட்டலம் ஒன்று கொடுத்தார்,
சால்னா தனியாக.

பஸ் இல்லை. கோட்டையூர்வரை ஒரு பால் வண்டி.
அங்கிருந்து நடை. நாய்கள்
போர்வைக்குள் என்ன என்று கேட்டன.
வழியில் ஒரு விளக்குக் கம்பத்தடியில்
செல்போன் காட்டிய முள்ளுக்கு
நாலு தந்தியையும் இறக்கினேன்,
பேட்டரி இரண்டு சதவீதத்தில்.

காலை எட்டு மணிக்கு ஆலை ஓடியது.
ஒரு மயிரிழை மேலே.
மூன்று வருஷமாக மேலே.
முழங்கையை மேசையிலிருந்து எடுத்தேன்,
வைத்தேன், எடுத்தேன்.
வந்த நெல் ஐம்பத்திரண்டு மூட்டை என்று எழுதினேன்.
முதலாளி மறுபடி எண்ணச் சொன்னார்.
ஐம்பத்து மூன்று.