இதயக்காரி

ஜூலை. மொந்தேவீதேயோவில் குளிர்காலம்.
விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது.
ஐஸ் வாளியோடு
இறைச்சிக்கூடத்தின் பின்வாசலில் நிற்கிறேன்.
அனிபால் என்னைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை.
"இதயக்காரி வந்தாச்சு" என்று
உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பான்.

எருதின் இதயம் கனம்.
இரு கையாலும் ஏந்த வேண்டும்.
ஐஸில் இறக்கும்போது அதன் ஓர் ஓரம் மட்டும்
இன்னும் துடிக்கிறது,
தகவல் போய்ச் சேராத ஊர் மாதிரி.

"இதை என்னதான் செய்கிறாய்?
சுட்டுத் தின்றாலாவது புண்ணியம்."
மாத்தே குவளையை நீட்டினான்.
குழலில் உறிஞ்சினேன். நாக்கு வெந்தது.
"வந்து பார்" என்றேன்,
வரமாட்டான் என்ற தைரியத்தில்.

கொழுப்பை வெட்டி எறிந்தேன். தசையை அரைத்தேன்.
சர்க்கரைக் கரைசலில் கலக்கி
எந்திரத்தில் சுழற்றினேன்.
கனத்த குப்பையெல்லாம் அடியில் தங்க
மேலே நின்றதை வடித்து
மறுபடி சுழற்றினேன், இன்னும் வேகமாக.
குழாயின் அடியில் கடைசியாக
விரல்நகம் அளவு பழுப்புக் களிம்பு.
மைட்டோகாண்ட்ரியா.
இழையாகவும் மணியாகவும் கிடப்பதால்
யாரோ வைத்த பெயர்.
முன்னொரு காலத்தில் தனியே நீந்தித் திரிந்தவை.
விழுங்கப்பட்டும் செரிக்கப்படாதவை.

மதியம் இரண்டு மணிக்கு வந்துவிட்டான்,
ஞாயிற்றுக்கிழமைக் கோட்டில்.
மூன்று மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது.
பேசாமல் ஸ்டூலை நகர்த்தினேன்.

கட்டைவிரல் பருமனுள்ள கண்ணாடிக் குடுவை.
உள்ளே ஒரு காந்தத்துண்டு சுற்றுகிறது.
நீரில் எவ்வளவு ஆக்சிஜன் என்று
ஒரு பேனா தாளில் கோடிழுக்கிறது.
களிம்பில் ஒரு சொட்டு விட்டேன்.
தீனிக்குக் கொஞ்சம் சக்சினேட்.
கோடு லேசாகச் சாய்ந்தது.

"புல்லிலிருந்து வந்த எலக்ட்ரான் படியிறங்குகிறது.
அது இறங்க இறங்க
புரோட்டான்களைச் சவ்வுக்கு வெளியே தள்ளுகிறார்கள்.
வெளியே நெரிசல்.
உள்ளே திரும்ப ஒரு சுழல்கதவுதான்.
அதைச் சுற்றிவிட்டுத்தான் நுழைய முடியும்."

"ஸ்டேடியம் வாசல்" என்றான் அனிபால்.

அதேதான்.
ஆனால் டிக்கெட் கிழிப்பதற்குப் பதிலாக
அந்தச் சுழற்சி
அடினோசினின் வாலில் மூன்றாம் பாஸ்பேட்டைக் கோக்கிறது.
இதயம் சுருங்குவதும் நீ கத்தி தூக்குவதும்
அந்த மூன்றாவது கழன்று விழும் வேகத்தில்.

"ஆக்சிஜன்?"
"கடைசிப் படியில் நிற்கிறது.
இறங்கி வருவதை வாங்கிக்கொள்ள.
அது இல்லாவிட்டால் படிக்கட்டே அடைத்துப்போகும்."

அவன் விரலை மடக்கி எண்ணினான்.
"இது செத்து எட்டு மணி நேரமாச்சு."
"ஆமாம்."
"இன்னுமா மூச்சு விடுகிறது?"

பதில் சொல்லவில்லை.
இரண்டே பாஸ்பேட் உள்ள அடினோசினை
ஊசியில் எடுத்து ஒரு சொட்டு விட்டேன்.
பேனா செங்குத்தாக விழுந்தது.

"இருபத்தாறு வருஷம்" என்றான்.
"அப்போ நான் கொன்றதெல்லாம் எதை?"
நான் வெப்பமானியைப் பார்த்தேன்.
முப்பது டிகிரி. சரியாகத்தான் இருந்தது.

பிறகு திடீரென்று மூக்கைப் பிடித்துக்கொண்டான்.
பேனாவோடு பந்தயம்.
கன்னம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது.
கோடு இறங்கியது, இறங்கியது.
பூஜ்யத்துக்கு அரை அங்குலம் இருக்கும்போதே
ஜன்னல் பக்கம் திரும்பி
மொத்தக் காற்றையும் ஊதித் தள்ளினான்.
சற்றுப் பின்னால் கோடும் படுத்துவிட்டது.

கண்ணாடி முழுக்க ஆவி.

"அதில் ஒரு பங்கு நீ குடித்த தண்ணீர் இல்லை" என்றேன்.
"ஆற்றிலும் இருந்ததில்லை, மழையிலும் இருந்ததில்லை.
தின்ற ரொட்டியின் ஹைட்ரஜனும்
இழுத்த காற்றும் சேர்ந்து
உனக்குள்ளே புதிதாக உண்டானது."

நெடுநேரம் பார்த்தான்.
பிறகு கண்ணாடி மங்கல் கலைவதற்குள்
தடித்த ஆள்காட்டி விரலால் அதன்மேல்
கணக்குப்பிள்ளை மாதிரி எழுதினான்:

செவ்வாய். இதயம் 2.