நாற்காலியின் நிறம்

சஸ்கட்டூனில் மைனஸ் முப்பத்தொன்று.
கூட்ட அறையில் மஃபின், ஆரஞ்சுச் சாறு,
நூலகத்துக்கு நாற்பத்தாறு பக்கத் திட்டம்.
அதில் பதினேழு பக்கம் என் கைவண்ணம்.
மாணவர் கருத்தறிய ஆறு நாற்காலி,
ஐந்தில் ஆள்.

டெல்ஃபின் மெதுவாகப் புரட்டினாள்,
மருந்துச் சீட்டு படிப்பவளைப்போல.
"இதில் எந்தப் பக்கத்தை நாங்கள் மாற்றலாம்?"
இயக்குநர் என்னைப் பார்த்தார்.
நான் மஃபினைப் பார்த்தேன்.
"நாற்காலியின் நிறம்" என்றேன்.
யாரோ சிரித்தார்கள்.
நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டு
அவுட்டே கொடுக்காமல் விட்டுவைக்கும் சின்னப் பிள்ளைக்குத்
தெரியாதா,
தான் ஆடவில்லை என்று?

அடுத்த செவ்வாய் திட்டத்தைக் கொண்டுபோகவில்லை.
வெள்ளைத்தாள், பென்சில்.
நூலகத்தை வரையுங்கள், உங்களுடையதை.
ஒபின்னா மூன்றாம் மாடியையே விட்டுவிட்டான்
(எங்கள் பெருமையெல்லாம் அங்கேதான்).
படிக்கட்டுக்கு அடியில் ஒரு பிளக் பாயின்ட்,
பூசணிக்காய் பருமனில்.
நிரோஜினி கட்டடமே வரையவில்லை.
ஒரு பஸ் நிறுத்தம். ஒரு கடிகாரம்.

"பாடநூலை இரவுக்கு வீட்டுக்குத் தருவது
மணி பன்னிரண்டுக்குத்தான்.
கடைசி பஸ் பதினொன்று ஐம்பத்திரண்டு.
கார் வைத்திருப்பவனுக்குப் புத்தகம் உண்டு.
எனக்கு எட்டு நிமிடம் குறைகிறது."

பன்னிரண்டு என்று விதி எழுதியது நான்.
இரவுக் கடன் சரிந்தபோது
கோட்டுப்படத்தின் கீழே
'மாணவர் ஆர்வக் குறைவு' என்று எழுதியதும்
நானேதான்.

இப்போது நிகழ்ச்சி நிரல் அவர்கள் கையெழுத்தில் வருகிறது.
இரவுக் கடன் இனிப் பதினொன்றேகாலுக்கு: நிறைவேறியது.
படிக்கட்டடியில் நாலு பிளக்: தீயணைப்புத் துறை மறுத்துவிட்டது,
டெல்ஃபின் மூன்றாவது கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறாள்.
அடுத்தது,
இரண்டாம் மாடியில் 'பேசக் கூடாது' பலகையை
எடுத்துவிடுவது.
எதிர்த்துப் பேசினேன். எதிர்த்து வாக்களித்தேன்.
இயக்குநரும் என் பக்கம்.
ஐந்துக்கு இரண்டு.

மாட்டியவனுக்குத்தானே தெரியும்
எந்தத் திருகாணி துருப்பிடித்தது என்று.
ஒபின்னா ஏணியைப் பிடித்துக்கொள்ள
நானே ஏறிக் கழற்றினேன்.
கீழே அதற்குள் பேச்சு.
புள்ளியியல், யாருடைய காதலோ, நூடுல்ஸ்.
எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.

பலகை போன இடத்தில்
வெயில் படாத ஒரு செவ்வகம்.
என்ன நிறம் அடிக்கலாம் என்று
என்னைக் கேட்கிறார்கள்.