நாலாவது துண்டு

எக்ஸ்ரே படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து
"வன்னி ஆக்களுக்கு உது வழமைதானே" என்றார்
விசாரணைக்கு வந்த பெரிய டொக்டர்.
ஷெல் துண்டாம்.

ஐயா, என்னுடையவை மூன்று.
இடது தோளில் ஒன்று,
மாரி வாறதை முந்திச் சொல்லும்.
தொடையில் ஒன்று.
மற்றது முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில்.
எடுக்கேலாது, அதோடேயே இருங்கோ என்று
செட்டிகுளத்தில் ஒரு நேர்ஸ் சொன்னா.
இருக்கிறன்.
அவற்றுக்கு வழக்குப் போட
எதிராளியின் விலாசம் எனக்குத் தெரியாது.

இது கர்ப்பப்பை எடுத்த பிறகு வந்தது.
பிறைபோல வளைஞ்சிருக்கு.
ஷெல் இவ்வளவு வடிவாய் வளையாது.
விசுவமடுவில் பதினாலு வருசமாய்த் தைக்கிறன்,
உடைஞ்ச ஊசி எனக்குத் தெரியும்.

கிளிநொச்சியில் சட்டத்தரணி நிரஞ்சலா கேட்டா:
கவனிக்கவேண்டிய கடமை ஆருக்கு?
எந்த இடத்தில் தவறினது?
உங்கட நோ அதாலதான் என்று என்னெண்டு காட்டுவம்?
இரண்டு வருசத்துக்குள் போடவேணும்.
பதினேழு மாதம் போயிட்டுது.

நாலு கடிதத்துக்குப் பிறகு கட்டில் சீட்டின் பிரதி வந்தது.
ஊசி எண்ணும் கட்டத்தில்
ஆறுதலாய்ப் போட்ட ஒரு சரி.

அன்றிரவு கரண்ட் இரண்டுதரம் நின்றது,
வெட்டித் தைக்க ஒரே ஒரு டொக்டர்,
அதையும் எழுதுங்கோ என்றேன்.
"அது அவையளுக்குத்தான் உதவும், அக்கா."
எழுதுங்கோ.

நட்டஈடு என்ற கோட்டில்
அவ ஒரு தொகை போட்டா. போடட்டும்.
எனக்கு, அந்தப் பிறைக்குக் கீழே
ஒருத்தர் பெயரெழுதி
'இது எங்கட' என்று கையெழுத்து வைக்கவேணும்.