உலர்பனி தீர்ந்த சனிக்கிழமை

பலிபீடத்துக்குப் பின்னால் படம் இருந்த இடத்தில்
இப்போது ஒரு கண்ணாடிப் பெட்டி.
அடியில் கறுப்புத் தகடு,
விளிம்பில் சாராயம் ஊறிய கம்பளித்துணி.
வைத்தவள் விர்வே. டார்ட்டுவில் ஓவியம் படித்தவள்,
தூரிகையைத் தொட்டு ஏழு வருடமாயிற்று என்கிறாள்.

ஹீயுமாத் தீவின் மீன் ஆலையிலிருந்து
உலர்பனி வாங்கி வருவது என் வேலை.
சபைக் கணக்கில் அதை எந்தத் தலைப்பில் எழுதுவது?
யாரும் சொல்லவில்லை.
‘மெழுகுவர்த்தி’யில் எழுதினேன்.

விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.
முதலில் வெறும் மூடுபனி.
பிறகு ஒரு கோடு,
நகம் கீறியதுபோல் வெள்ளையாய்.
அதோ என்பதற்குள் கலைந்துவிடும்.

பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் பிறக்கிறது இது,
என்றான் தாவெத். பள்ளியில் இயற்பியல் எடுப்பவன்,
ஆராதனை முடியும்வரை வெளியே நின்று புகைப்பவன்.
அதன் ஆயுளுக்கு அறுநூறு மீட்டர் வந்தாலே அதிகம்.
ஆனாலும் தரைக்கு வந்துவிடுகிறது;
அந்த வேகத்தில் அதன் கடிகாரம் நமக்கு மெதுவாம்.
உள்ளங்கையை நீட்டினால் நொடிக்கு ஒன்று துளைத்துப் போகுமாம்.
“கிருபை” என்றார் போதகர் லெய்தா.
“சூத்திரம்” என்றான்.
இருவரும் ஒரே பெட்டியின்மேல் குனிந்திருந்தார்கள்.
யார் மூச்சில் கண்ணாடி மங்கியது, தெரியவில்லை.

படகுக்கார ஊர்மஸ் சபைக்கூட்டத்தில் எழுந்து கேட்டார்:
சிலுவை எங்கே?
விர்வே தன் கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
பொறுங்கள், ஒருநாள் இரண்டு கோடுகள்
குறுக்கே விழும் என்று நான்தான் சொல்லிவைத்தேன்.
சொல்லியிருக்கக் கூடாது.
கடவுளை அப்படி விற்கக் கூடாது.

பெரிய வெள்ளிக்கு ஆலை விடுமுறை.
சனிக்கிழமை காலை பனி முழுதும் ஆவியாகி
பெட்டி குருடாகிவிட்டது. கறுப்பு, வெறும் கறுப்பு.
தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஊர்மஸ் வந்தார்,
ரப்பர் பூட்ஸைக் கழற்றாமலே.

“இன்று ஒன்றும் தெரியாது” என்றேன்.
“வருவதுமா நின்றுவிட்டது?”
“அது வந்துகொண்டுதான் இருக்கும்.”
“கல்லுக்குள்?”
எந்தக் கல் என்று நான் கேட்கவில்லை.
போன நவம்பரில் அதைத் தூக்கிவைத்த நால்வரில்
நானும் ஒருவன்.
“ஒரு முழம் கல்தானே” என்றேன், “போகும்.”

கையைக் கண்ணாடிமேல் மல்லாத்தி வைத்தார்.
தூண்டில் நரம்பு அறுத்த தழும்புகள் அதில்.
நொடிக்கு ஒன்றென மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன்,
நாற்பதுக்குமேல் தப்பிவிட்டது.
அவர் கையை எடுக்கவில்லை.
நாளைக்கான அல்லிப் பூக்கள் இன்னும் வாளியிலேயே இருந்தன;
நான் போய்த் தண்ணீர் மாற்றினேன்.