அரை இஞ்ச் வாஷர்

இரவு பதினொன்றே கால்.
ஏழாம் அறையிலிருந்து போன்:
குழாய் சொட்டுது, தூங்க முடியல.

ஆகஸ்ட். சீசன் போய்விட்டது.
மூஞ்சிக்கல்லில் ஹார்டுவேர் கடை
ஏழு மணிக்கே ஷட்டரை இறக்கியிருக்கும்,
ரோட்டில் மேகம்தான் நடமாடும்.
வாஷர் இல்லை, காலையில் பார்க்கலாம் என்று
சொல்லியிருக்கலாம்.
ஸ்பேனரை சுவெட்டருக்குள் செருகிக்கொண்டேன்.
இரும்பு வயிற்றில் பட்டதும்
தூக்கம் போன இடம் தெரியவில்லை.

கட்டிலின் அந்த ஓரம் அவர்,
இந்த ஓரம் அந்தப் பெண்.
நடுவில் பாதி அடுக்கிய பெட்டி.
குழாய் சொட்டுகிறது என்று
இருவரும் தனித்தனியே என்னிடம் சொன்னார்கள்,
ஆளுக்கொரு குழாய் இருப்பதுபோல.

மொட்டைமாடி ஏறி வால்வை அடைத்துவிட்டு வந்தால்
கரண்ட் போயிற்று.
யாராவது செல் வெளிச்சம் பிடிங்க.
அந்தம்மா பிடித்தார்.
பைப்பில் நிக்கிற தண்ணி வரும், வாளி வேணும்.
அவர் வாளியோடு குனிந்தார்.
மூன்று பேர் நிற்கிற குளியலறை இல்லை அது.

நட்டு துருவேறி அசையவில்லை.
எண்ணெய் கேட்டேன்.
அவர்களுடைய தேங்காயெண்ணெய்
மதுரையிலிருந்து நீராக ஏறி வந்து
பாட்டிலுக்குள் கல்லாகிக் கிடந்தது.
"இங்க கொடு"
வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார் அவர்.
காத்திருந்தோம்.
எண்ணெய் உருக எவ்வளவு நேரமாகும் என்று
யாருக்கும் தெரியவில்லை.

பழைய வாஷர் வெளியே வந்தது,
எலி கொறித்த வெல்லம்போல.
"இத்தனூண்டுக்கா?" என்றார்.
அந்தம்மா சிரித்தாரோ, இருமினாரோ,
வெளிச்சம் ஒருமுறை ஆடியது.

என் இடது செருப்பின் குதிகாலில்
பிளேடால் வட்டம் போட்டேன்.
ஒரே வெட்டில் வரும் எனக்கு.
மூன்று வெட்டு வெட்டினேன்.

"கொஞ்சம் கீழ காட்டு."
"காட்டிக்கிட்டுதானே இருக்கேன்."
"கையை மாத்திக்க, மரத்துப் போகும்."
இவை எனக்குச் சொன்னவையல்ல.
நூலைச் சுற்றினேன். சரியாகத்தான் இருந்தது.
பிரித்து, மறுபடி சுற்றினேன்.

வால்வைத் திறந்துவிட்டு இறங்கினால்
ஏழாம் அறை சாத்தியிருந்தது.
கதவில் காதை வைத்தேன்,
குழாய்க்காகத்தான்.
சொட்டவில்லை.
பேச்சுக்குரல் கேட்டது. சண்டையாகவும் இருக்கலாம்.

காலையில் சாவியைக் கொடுத்தது வாட்ச்மேனிடம்.
எத்தனை பேர் இறங்கினார்கள் என்று நான் கேட்கவில்லை.
நோட்டில் எழுதினேன்: வாஷர் ஒன்று, ஐந்து ரூபாய்.

ஏற்றத்தில் ஒன்றும் தெரிவதில்லை.
பஸ் ஸ்டாண்டுக்கு இறங்கும்போதுதான்
இடது கால் கொஞ்சம் தாழ்ந்து ஊன்றுகிறது.