ஐநூற்று மூன்று

ரீடிங் எடுக்க வந்த சகாயராணி
அட்டையில் எழுதிவிட்டு
என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:
"மூணு யூனிட்டுல போச்சேக்கா."

ஐநூற்று மூன்று.
ஐநூறோடு நின்றிருந்தால் ஒரு கணக்கு,
தாண்டினால் அடியிலிருந்தே வேறு கணக்கு.
மூன்று யூனிட்டுக்கு இருநூற்று அறுபது ரூபாய் தண்டம்.
முதுநகர் துறைமுகத்தில்
அரைக் கிலோ சங்கராவுக்கு மேல் வரும்.

உனக்கு நெய்வேலியில் இரவு ஷிப்ட்.
சுரங்கத்துக்குள் இறங்கினால் போனை எடுக்க மாட்டாய்.
யாரிடம் புலம்ப?
பத்தரை மணிக்கு எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுக்
கூடத்தின் நடுவில் நின்றேன்,
எனக்குத் தெரியாமல்
இந்த வீட்டில் யார் தின்கிறார்கள் என்று பார்க்க.

இருட்டு முழுசாக வரவில்லை.
டிவிக்குக் கீழே ஒரு சிவப்புப் புள்ளி.
செட்டாப் பாக்ஸில் பச்சை. தொட்டால்
கோழி எழுந்துபோன முட்டையின் வெதுவெதுப்பு.
வாஷிங் மெஷின் ஒற்றைக் கண்ணால் முழித்தது.
மைக்ரோவேவுக்கு
கரண்ட் போய் வந்த ஏதோ ஒரு நாளிலிருந்து
எப்போதும் மணி பன்னிரண்டு.
செல்லே இல்லாத சார்ஜர் சுவரைக் கடித்துக்கொண்டு தொங்கியது.
ரிமோட்டை அழுத்தினால் அணைந்துவிட்டதென்று
இத்தனை வருஷம் நம்பியிருக்கிறேன்.
அதுகள் தூங்கவில்லை,
கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டிருக்கின்றன.

ஒவ்வொன்றாகச் சுவரில் நிறுத்தினேன்.
உப்புக்காற்றில் இறுகிப்போன சுவிட்சுகள்.
டிவிக்குப் பின்னால் இருப்பதற்குக் கை எட்டவில்லை,
மரக்கரண்டிக் காம்பால் தட்டினேன்.

பிறகு டார்ச்சோடு படியிறங்கி
மீட்டருக்கு முன் உட்கார்ந்தேன்.
அதிலும் ஒரு சிவப்பு, விட்டுவிட்டு மினுங்கும்.
ஒரு மினுக்குக்கும் அடுத்ததற்கும் நடுவே எண்ணினேன்.
ஒன்பது, பத்து, பதினொன்று.
பிரிட்ஜ் ஓடுகிறது, சரி.
கொஞ்ச நேரத்தில் அதன் மோட்டாரும் ஓய்ந்தது.
கொசு கடித்தது. தெற்கே சிப்காட் பக்கமிருந்து
அந்த வாசனை வந்தது.
எழுந்துகொள்ளப் போனேன்.
மினுங்கியது.
எழுபது எண்ணினேன். மறுபடியும்.

அபிதாவின் அறை.
ஜூனில் அவள் ஹாஸ்டலுக்குப் போனபின்
பெருக்க மட்டும் திறப்பது,
அதுவும் பகலில்.
இருட்டில்தான் தெரிந்தது,
தொட்டிக்குள் நீல விளக்கு,
மோட்டார் விடாமல் விட்ட குமிழிகள்.
கடைசி மீனைக் கறிவேப்பிலைச் செடியடியில் புதைத்து
நான்கு மாதம் ஆகிறது.
மீனில்லாத தண்ணீருக்கு
இரவும் பகலும் மூச்சு ஊட்டிக்கொண்டிருந்தோம்,
நீயும் நானும்.

அந்தச் சத்தத்தைத்தான் இவ்வளவு நாளும்
தேவனாம்பட்டினத்துக் கடல்
செம்மண்டலம் வரை கேட்கிறதென்று நினைத்துப்
படுத்திருந்தேன்.

நீ அங்கே மண்ணைக் கீறி எடுப்பதில்
ஒரு கைப்பிடியாவது இந்தக் குமிழிகளுக்காக எரிந்திருக்கும்.
உன் சட்டையை மூன்று தண்ணீர் அலசியும்
போகாத பழுப்பு.
பிளக்கைப் பிடுங்கினேன்.

இப்படியொரு அமைதியைத்
தானே புயலுக்குப் பிறகு
கரண்ட் இல்லாமல் கிடந்த ராத்திரிகளில் கேட்டதுதான்.
அது நாங்கள் கேட்டு வந்ததில்லை.
இதை நானே செய்தேன், ஆனாலும்
விடியும்வரை தூக்கமில்லை.
அபிதாவிடம் மீனைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.

காலையில் நீ வந்ததும்
ரிமோட்டை இரண்டு தடவை அழுத்தினாய்,
பேட்டரியைக் கழற்றி உள்ளங்கையில் உருட்டிப் போட்டாய்,
"டிவி போயிடுச்சா?" என்றாய்.
சுவரைக் காட்டினேன்.
குளிக்காத கையால் சுவிட்சைப் போட்டுவிட்டு
செய்தி பார்க்க உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாய்.

டிவியை அணைத்தேன். சுவரிலும்.
வெள்ளை சுவிட்சில் உன் கட்டைவிரல் கரி.
துடைக்கத் துணி எடுத்து
அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று
துணியை மடித்து வைத்தேன்.